பவளத் தொட்டிக்கு ஒரு விளக்கு

ஜனவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

உங்க மருமகள் எழுதறேன். இங்க ரெண்டு பேரும் சௌக்கியம். அத்தையோட இடுப்பு எப்படி இருக்கு? கட்டிலை விட்டு இறங்கி நாலடி நடக்கறாங்களா, இல்ல இன்னும் உங்க தோளைப் பிடிச்சுத்தானா? உங்க காதைப் பத்திக் கேக்க வேண்டியதில்ல. போன வாரம் போன்ல நான் "விளக்கு, விளக்கு"ன்னு கத்தினேன். உங்களுக்கு "கிழக்கு"ன்னு கேட்டு, கிழக்குப் பக்கம் ஜன்னல் இருக்கறது நல்லதுதான்னு சொல்லிட்டு வெச்சுட்டீங்க. தெருவுல எல்லாருக்கும் கேட்டுச்சு, உங்களைத் தவிர. அதான் பேப்பரை எடுத்துட்டேன்.

கூடத்துல இருக்கற உப்புத்தண்ணித் தொட்டி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்க பிள்ளை கல்யாணத்துக்கு முன்னாடியே வெச்சது. ஒரு ஜோடி கோமாளி மீன், விரல் விரலா ஆடற பச்சைப் பவளம் ஒண்ணு, கல்லோட ஒட்டிப் படர்ற ஊதாப் பவளம் ஒண்ணு. மேல தொங்கின விளக்கு போயிடுச்சு. உள்ளே பூரா உப்பு ஏறி அரிச்சிருக்கு. மீன் கடைக்காரர் வந்து பார்த்துட்டு, "இது இனிமே எழுந்திருக்காதும்மா, இந்த மாடலே இப்ப வர்றதில்ல"ன்னுட்டார். மீன் இருட்டுல சமாளிச்சுக்குமாம். பவளத்துக்கு வெளிச்சம்தான் சாப்பாடாம்.

உங்க பிள்ளை சொந்தமா ஒரு எல்.இ.டி. விளக்கு செய்யணும்னு எப்பவோ சாமான் வாங்கி அலமாரியில வெச்சிருக்கார். சீப்புப் பல் மாதிரி முதுகு இருக்கற ஒரு அலுமினியத் தகடு, ஒரு கவர் நிறைய குட்டி குட்டி பல்ப், ஒரு வெள்ளைப் பசை, ஒரு கறுப்புப் பெட்டி. பிரிக்கவே இல்ல. அவருக்கு ஆபீஸ்ல வேலை நெருக்கடி. நானே செஞ்சு பார்க்கலாம்னு இருக்கேன். ஆயுசு முழுக்க ரேடியோவும் டிவியும் பிரிச்சு மேஞ்சவர் நீங்க. எனக்குப் புரியற மாதிரி படம் போட்டு எழுதுங்க.

அத்தைக்கு என் அன்பு.

உங்க மருமகள்

ஜனவரி 20

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதறது. அத்தை நாலடி நடக்கறா. அஞ்சாவது அடிக்கு என்னைத் திட்டறா. அதனால தேறிட்டு வர்றான்னுதான் அர்த்தம். நீ எப்படி இருக்கே? மூக்குக்கண்ணாடிக் கடையில இன்னும் நின்னுக்கிட்டேதான் வேலையா?

உன் கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். சந்தோஷம்தான். ஆனா ஒண்ணு புரியல. நம்ம வால்வு என்ன பண்றான்? அவனுக்கு இந்த வேலை தூக்கத்துல வரும். மூணு வயசு வரைக்கும் வாயே திறக்காம இருந்ததால, சூடாக நேரம் எடுக்கற பழைய வால்வு ரேடியோன்னு நான்தான் அவனுக்குப் பேர் வெச்சேன். அதுக்காக இவ்வளவு நேரமா?

சரி, வேலைக்கு வர்றேன். கறுப்புப் பெட்டிக்குப் பேர் டிரைவர். பல்புக்கு எவ்வளவு கரண்ட் வேணுமோ அதை அளந்து குடுக்கறது. குட்டி பல்பை எல்லாம் அந்தத் தகட்டுல ஒட்டணும். சூட்டைத் தகடு இழுத்துக்கும், இல்லாட்டி பல்பு கருகிடும். வெள்ளைப் பசை நடுவுல கடுகளவு போதும். அள்ளிப் பூசாதே. முக்கியமா, தகட்டுல ஒட்டறதுக்கு முன்னாடியே பல்போட ரெண்டு காதுலயும், அதாவது ஒயர் சேர்ற இடத்துல, ஈயம் உருக்கி வெச்சுடு. ஒட்டினதுக்கு அப்புறம் வெக்கப் போனா சூட்டைப் பூரா தகடு குடிச்சுடும், ஈயம் உருகாது, நீ அழுவே. படம் பின்பக்கம்.

வால்வை ரெண்டு வரி எழுதச் சொல்லு. அவன் அம்மா கேக்கறா.

மாமா

பிப்ரவரி 4

அன்புள்ள மாமாவுக்கு,

உங்க படம் கிடைச்சுது. அத்தை திட்டறாங்கன்னு படிச்சதும் மனசு லேசாச்சு.

நீங்க சொன்னதைக் கேக்காம முதல் பல்பை ஒட்டிட்டுத்தான் ஈயம் வெச்சேன். அழுதேன். அப்புறம் மத்ததை எல்லாம் நீங்க சொன்னபடி. கடையில சாப்பாட்டு நேரத்துல, மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி போடற மேஜையிலேயே உக்காந்து செஞ்சேன். முதலாளி எட்டிப் பார்த்து, "யாருக்கும்மா இவ்வளவு பெரிய கண்ணாடி?"ன்னு கேட்டார். கட்டைவிரல்ல ஒரு கொப்புளம். வேற சேதாரம் இல்ல.

பச்சைப் பவளம் சுருங்கிட்டே போகுது. முன்னெல்லாம் காத்துல துணி ஆடற மாதிரி ஆடும். இப்போ விரலை எல்லாம் உள்ளே இழுத்துக்கிட்டு மொட்டையா நிக்குது. கடைக்காரர் பழைய டேபிள் லைட்டைத் தற்காலிகமா வெக்கச் சொன்னார். வெச்சிருக்கேன். காலையில நான் போட்டுட்டுப் போறேன், பகல் முழுக்க அவர் வீட்டுல இருக்கார், அணைக்கச் சொன்னா மறந்துடறார்.

அடுத்து ஒயர் எப்படி இணைக்கறதுன்னு எழுதுங்க. அத்தை உடம்பைப் பார்த்துக்கங்க. அவர் நல்லா இருக்கார்.

உங்க மருமகள்

பிப்ரவரி 15

அன்பு மருமகளுக்கு,

அத்தை சுகம். நானும் சுகம். கொப்புளத்தை உடைக்காதே.

ஒயர் இணைப்பு சுலபம். எல்லா பல்பும் கை கோத்து வரிசையா நிக்கணும். முதல் பல்போட மைனஸ் அடுத்ததோட பிளஸ்ஸுக்கு. அதோட மைனஸ் அதுக்கடுத்ததோட பிளஸ்ஸுக்கு. ஒண்ணு திரும்பி நின்னா மொத்த வரிசையும் எரியாது. கரண்ட் குடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு காதும் தகட்டைத் தொடுதான்னு மீட்டர் வெச்சுப் பாரு. தொடக்கூடாது. கீழே ஒரு கண்ணாடி மாதிரி அக்ரிலிக் பலகை போட்டு மூடு, உப்புத் துளி மேல தெறிக்காம இருக்கும்.

இப்போ நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. ஆபீஸ்ல வேலை நெருக்கடின்னு போன மாசம் எழுதினே. பகல் முழுக்க வீட்டுல இருக்கார்னு இந்த மாசம் எழுதறே. எனக்குக் காதுதான் போச்சு. உங்களுக்குள்ள சண்டையா? வேலை போச்சா? குடிக்கறானா? எதுவா இருந்தாலும் எழுது. உன் கடிதத்தை அத்தைக்கு நான்தான் படிச்சுக் காட்டறேன். அந்த வரியை விட்டுட்டுப் படிச்சேன்.

மாமா

மார்ச் 12

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் போட நாளாயிடுச்சு, மன்னிச்சுக்கங்க. அத்தையும் நீங்களும் சுகமா இருக்கணும். இந்தக் கடிதத்தை அத்தைக்கு எப்படிப் படிச்சுக் காட்டுவீங்கன்னு தெரியல.

சண்டை இல்ல. வேலையும் போகல, லீவுல இருக்கார். குடிக்கறதும் இல்ல. போன மழைக்காலத்துல ஒரு திங்கட்கிழமை ஆபீசுக்குக் கிளம்பி, ஷூ மாட்டிக்கிட்டு, நாற்காலியில உக்காந்தார். நான் வேலை முடிஞ்சு வந்தப்பவும் அதே ஷூவோட அதே நாற்காலியில இருந்தார். அதுக்கப்புறம் படுக்கைதான். சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கறார். என்ன ஆச்சுன்னு கேட்டா "ஒண்ணுமில்ல"ங்கறார். அந்த ஒண்ணுமில்லதான் மாமா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன், மாத்திரை குடுத்திருக்கார். கையில வெச்சா முழுங்குவார். தட்டுல வெச்சா தட்டுலயே இருக்கும். குளிங்கன்னா குளிப்பார். சொல்லாட்டி இல்ல. காரணம் கேக்காதீங்க. நான் தேடாத இடம் இல்ல.

ஆரம்பத்துல தொட்டி முன்னாடி மட்டும் வந்து உக்காருவார். விளக்கு போனதிலிருந்து அதுவும் நின்னு போச்சு. அதுக்காகத்தான் இந்தப் பாடு.

போன ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் இணைச்சு மேஜை மேல வெச்சு ஸ்விட்ச் போட்டேன். எரியல. அணைச்சுட்டு ஒவ்வொண்ணா தடவிப் பார்த்துட்டு இருந்தேன். அவர் தண்ணி குடிக்க எழுந்து வந்தார். டம்ளரோட என் பின்னால நின்னார். "ஏழாவது திருப்பிப் போட்டிருக்கே"ன்னார். டம்ளரை வெச்சுட்டு உள்ளே போயிட்டார்.

ஒரு வாரத்துல அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. ஏழாவதைக் கழட்டித் திருப்பிப் போட்டேன். அத்தனையும் எரிஞ்சுது. நீல வெளிச்சத்துல என் கை யாரோ கை மாதிரி இருந்துச்சு. "எரியுதுங்க!"ன்னு கத்தினேன். உள்ளே போய்ப் பார்த்தா, சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

உங்க மருமகள்

மார்ச் 19

அன்பு மருமகளுக்கு,

அத்தை சுகமா இருக்கா. "பிள்ளைக்கு ஜலதோஷம், அதான் எழுதல"ன்னு சொல்லியிருக்கேன். நம்பினாளா நடிக்கறாளா தெரியல.

உன் கடிதத்தை வாசல்ல நின்னுக்கிட்டே படிச்சேன். உடனே பஸ் பிடிச்சு வரத்தான் தோணுது. இவளை யார்கிட்ட விடறது? பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போக நான்தான். உக்காந்த இடத்துல உக்காந்து பல்லைக் கடிச்சுக்கிட்டிருக்கேன். இத்தனை நாள் நீ ஒத்தையா இதைச் சுமந்திருக்கே. எங்ககிட்ட சொல்ல வாய் வராத அளவுக்கு நாங்க தூரத்துல இருந்திருக்கோம்.

ஆனா ஏழாவதுன்னு சொன்னானே! எட்டி நின்னு ஒரு பார்வையில! புத்தி அப்படியேதான் இருக்கு. எங்கயோ ஒரு ஒயர்தான் விட்டிருக்கு, அவ்வளவுதான். இதோட இன்னொரு தாள் வெச்சிருக்கேன். விளக்கை எப்படித் தொங்கவிடணும், எத்தனை மணி நேரம் எரியவிடணும்னு அதுல இருக்கு. அதை முதல்ல அவன் கையில குடு. அவன் படிக்கணும். படிச்சுட்டு என்ன சொல்றானோ அதன்படி செய். மறந்துடாதே, முதல்ல அவன்.

மாமா

ஏப்ரல் 8

அன்புள்ள மாமாவுக்கு,

ரெண்டு பேரும் சுகம்தானே? இன்னிக்கு நான் ரொம்ப சந்தோஷமா இருக்கேன். விளக்கு தொட்டி மேல ஏறிடுச்சு. கூடத்துச் சுவர் பூரா தண்ணி நெளியுது. மீன் ரெண்டும் பயந்து கல்லுக்குப் பின்னாடி ஓடிப் போய், அப்புறம் தலையை நீட்டிப் பார்த்துச்சுங்க.

உங்க தாளை அவர் கையில குடுத்தேன். எழுந்து உக்காந்து படிச்சார். ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தார். "சரியா இருக்கா?"ன்னு கேட்டேன். "ம்"ன்னார். மடிச்சுக் குடுத்துட்டார். அதனால நீங்க எழுதின மாதிரியே தண்ணிக்கு நாலு விரல் மேல கட்டி, முதல் நாளே முழு வெளிச்சமா, காலையிலிருந்து பொழுது சாயற வரைக்கும் எரியவிட்டிருக்கேன்.

ஏப்ரல் 17

மாமா, இதை அன்னிக்கே தபால்ல சேர்க்காம கைப்பையிலேயே வெச்சிருந்துட்டேன். இப்போ வேற மாதிரி எழுத வேண்டியிருக்கு. பச்சைப் பவளம் வெளுத்துப் போச்சு. பச்சை போய், எலும்பு தெரியற மாதிரி வெள்ளை. சதை நூல் நூலா பிரிஞ்சு தண்ணியில மிதக்குது. ஊதாவுலயும் ஓரம் வெளுக்க ஆரம்பிச்சிருக்கு. பாதி இருட்டுல இத்தனை நாள் உயிரைப் பிடிச்சுட்டு இருந்தது, வெளிச்சம் வந்ததும் போகுது. நான் எங்க தப்பு பண்ணினேன்? உங்க தாளைத் திரும்பத் திரும்பப் பார்க்கறேன். ஒரு வரி கூட மாத்தல. சீக்கிரம் பதில் போடுங்க.

உங்க மருமகள்

மே 6

அன்பு மருமகளுக்கு,

முதல்ல இதைச் செய். விளக்கை ரெண்டு முழம் மேல தூக்கிக் கட்டு. அடியில மெல்லிய வெள்ளைத் துணி ஒண்ணு போடு. ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் மட்டும் எரியட்டும். வாரம் போகப் போக அரை மணி, அரை மணியா கூட்டு. இதை அன்னிக்கே நான் எழுதியிருக்கணும்.

நீ தப்பு பண்ணல. நான் வேணும்னே தப்பா எழுதினேன்.

நாலு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன், அதான் இவ்வளவு நாள். இருட்டுல கிடந்த பவளத்துக்குத் திடீர்னு வெளிச்சம் காட்டினா வெந்துடும்னு எனக்குத் தெரியும். எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவன்தான். நான் ஒரு தடவை அங்க வந்திருந்தப்ப, தொட்டி முன்னாடி உக்கார வெச்சு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தான். அந்தத் தாளைப் பார்த்தா அவனால சும்மா இருக்க முடியாது, "அப்பாவுக்கு மண்டையில என்ன இருக்கு?"ன்னு உன்கிட்ட கத்துவான், பேனாவை எடுத்து அடிச்சுத் திருத்துவான்னு நெனச்சேன். ஒரு திட்டு வாங்கணும்னு ஆசைப்பட்டேன். அவன் "ம்"ன்னு சொல்வான்னு எனக்குத் தோணவே இல்ல.

உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருக்கலாம். சொன்னா உன் முகத்துல தெரிஞ்சுடும், அவன் கண்டுபிடிச்சுடுவான்னு விட்டுட்டேன். உன் உழைப்பையும் சேர்த்துக் கொன்னுட்டேன்.

மாமா

மே 18

மாமாவுக்கு,

அத்தை நல்லா இருக்காங்கன்னு நம்பறேன்.

உங்க கடிதம் வந்த அன்னிக்கு எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்கு, பிள்ளைக்கும் தெரிஞ்சிருக்கு, நடுவுல ஒருத்தி நாலு விரல் அளந்து கட்டியிருக்கேன். நேரா உள்ளே போய், "அது தப்புன்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"ன்னு கேட்டேன்.

"தெரியும்"ன்னார்.

"ஏன் சொல்லல?"

பதில் வராதுன்னு நெனச்சுத் திரும்பினேன். அப்புறம் சொன்னார். "சொல்லணும்னுதான் இருந்துச்சு. வாய் வரைக்கும் வந்துச்சு. நீ கட்டறதைக் கதவு வழியா பார்த்துட்டே படுத்திருந்தேன். வரல."

அழுதார் மாமா. முகம் அசையவே இல்ல, கண்ணுலேருந்து மட்டும் தண்ணி. எனக்கு உங்க மேல இருந்த கோபம் எங்க போச்சுன்னே தெரியல. அவர் பக்கத்துல உக்காந்தேன். போர்வையைச் சரி பண்ணினேன்.

பச்சைப் பவளம் போயிடுச்சு. வெளியில எடுத்துட்டேன். ஊதா பாதி இருக்கு.

டாக்டர்கிட்ட இதைச் சொன்னேன். இனிமே வீட்டுல வெச்சுப் பார்க்க வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரியில கொஞ்ச நாள் சேர்த்துடலாம்னார். அது வேற ஊர்ல. கூட ஒருத்தர் இருக்கணும், அது நான்தான். ஜூன்ல போறோம். கண்ணாடிக் கடையில சொல்லிட்டேன். அத்தைகிட்ட நீங்களே சொல்லிடுங்க. இனிமே எந்த வரியையும் விட்டுட்டுப் படிக்காதீங்க.

உங்க மருமகள்

ஜூன் 24

அன்பு மருமகளுக்கு,

உங்க வீட்டிலிருந்து எழுதறேன். அவன் எப்படி இருக்கான்? நீ நேரத்துக்குச் சாப்பிடறியா? வார்டுல போன் ஆகாதாமே. இருந்தாலும் எனக்கு என்ன கேக்கப் போகுது!

அத்தைகிட்ட எல்லாம் சொன்னேன். ஒரு நாள் முழுக்க என்கிட்ட பேசல. மறுநாள் அவ தங்கச்சிக்குச் சொல்லி அனுப்பி வரவழைச்சா. "என் இடுப்புதான் ஒடிஞ்சிருக்கு, காது நல்லாத்தான் இருக்கு. ஜலதோஷமாம் ஜலதோஷம்! கிளம்புங்க"ன்னா. வந்துட்டேன். பக்கத்து வீட்டம்மா சாவி குடுத்தாங்க.

தொட்டி விஷயம். நீ பக்கத்து வீட்டம்மாவுக்காகச் சுவத்துல எழுதி ஒட்டிட்டுப் போனபடிதான் எல்லாம் செய்யறேன். இருந்தும் ஊதா சுருங்கிட்டே வருது. தண்ணி ஒரு நாள் கலங்குது, ஒரு நாள் தெளியுது. மீன்ல ஒண்ணு சாப்பிட மாட்டேங்குது. எந்த ரேடியோவா இருந்தாலும் பிரிச்சா காரணம் கிடைச்சுடும். இதுல எதைப் பிரிக்கறது? உங்க மீன் கடைக்காரரைக் கூட்டிட்டு வந்தேன். "என்கிட்ட குடுத்துடுங்க, பெரிய தொட்டியில போட்டுப் பார்க்கறேன், பிழைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்"ங்கறார். இன்னும் கொஞ்ச நாள் வெச்சிருந்தா என் கையிலேயே போயிடும். அவனைக் கேக்காம குடுக்க மனசு வரல. கேக்கற நிலைமையில இருக்கானா? நீயே பார்த்து எழுது.

மாமா

ஜூலை 3

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்க வந்து வீட்டுல இருக்கறதே எனக்குப் பாதி பலம். அரிசி டப்பாவுக்குப் பின்னாடி உங்களுக்குப் பிடிச்ச பிஸ்கட் இருக்கு.

இங்க ஜன்னலை ஒட்டின கட்டில். காலையில எல்லாரையும் முற்றத்துல நடக்க விடறாங்க. அவரும் நடக்கறார், நான் எழுப்பினா. மாத்திரையை மாத்தியிருக்காங்க. கை கொஞ்சம் நடுங்குது. "பொறுமையா இருங்க"ன்னு டாக்டரம்மா சொல்றாங்க. பொறுமையா இல்லாம வேற என்ன செய்ய முடியும்னு கேக்கணும்னு தோணும். கேக்க மாட்டேன்.

உங்க கடிதத்தைப் படிச்சுக் காட்டினேன். எல்லா வரியும். தொட்டியைப் பத்தின இடத்துல நிறுத்தி, "என்ன சொல்றீங்க?"ன்னேன். ஜன்னலைப் பார்த்துட்டே இருந்தார். சாப்பாட்டுத் தட்டு வந்து, போச்சு. சாயந்தரம் நானே அதை மறந்து துணி மடிச்சுட்டு இருந்தப்ப, தானா சொன்னார். "குடுத்துடச் சொல்லு. விளக்கையும் சேர்த்துக் குடுக்கணும். திரும்ப வேற வெளிச்சத்துக்கு மாத்தினா அது தாங்காது."

கேக்காமலே இவ்வளவு பேசி மாசக் கணக்காச்சு. சந்தோஷப்படறதா, தனக்குப் பிடிச்சதை எல்லாம் குடுத்துடச் சொல்றாரேன்னு பயப்படறதா, எனக்குத் தெரியல மாமா. டாக்டரம்மாகிட்ட சொன்னேன். அவங்க எழுதிக்கிட்டாங்க. ராத்திரி டியூட்டியில இருக்கற நர்ஸ்கிட்ட இவர் கட்டிலைக் காட்டி ஏதோ பேசினாங்க.

அவர் சொன்னபடியே செஞ்சுடுங்க. அத்தைக்கு எழுதும்போது நான் விசாரிச்சேன்னு எழுதுங்க.

உங்க மருமகள்

ஜூலை 11

அன்பு மருமகளுக்கு,

மாமா சுகம். அத்தை ஊன்றுகோலோட வாசல் வரைக்கும் வந்துட்டாளாம், தங்கச்சி எழுதியிருக்கா.

குடுத்துட்டேன். ஊதாவைக் கல்லிலிருந்து பெயர்க்காம கல்லோடவே வாளியில வெச்சு, மீனைத் தண்ணி நிறைச்ச பிளாஸ்டிக் கவர்ல பிடிச்சு, கடைக்காரர் வண்டியில எடுத்துட்டுப் போனார். விளக்கை நான்தான் கொண்டு போனேன். வண்டியில வெக்க மனசு வரல, பஸ்ல மடியில வெச்சுக்கிட்டுப் போனேன். பக்கத்துல உக்காந்திருந்தவர் என்ன இதுன்னு கேட்டிருப்பார் போல, வாய் அசைஞ்சுது. "என் மருமகள் செஞ்சது"ன்னு சொன்னேன். அவர் கேட்டது அதுதானான்னு தெரியாது.

அங்க ஒரு மூலைத் தொட்டி மேல கட்டி, துணியையும் போட்டு, ஸ்விட்ச் போட்டோம். ஒண்ணு விடாம எரிஞ்சுது. அந்த ஏழாவதையும் பார்த்தேன். ஊதா அப்படியே கிடந்துச்சு. திறக்கவும் இல்ல, மூடவும் இல்ல. கடை அடைக்கற வரைக்கும் உக்காந்திருந்துட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து தொட்டியைக் காலி பண்ணலாம்னு குழாயைக் கையில எடுத்தேன். தண்ணியும் கல்லும்தானே மிச்சம். கடைக்காரர் வாசல் வரைக்கும் வந்து எனக்குச் சொன்னது அப்ப ஞாபகம் வந்துச்சு. காதுல கத்தித்தான் சொன்னார். வெறும் கல்லுன்னு நெனச்சுடாதீங்க, கண்ணுக்குத் தெரியாத உயிர் நிறைய அதுக்குள்ள இருக்கு, தண்ணி ஓடற வரைக்கும் அது சாகாதுன்னார். அது இருந்தா என்ன ஆகும்னு கேட்டேன். தோளைக் குலுக்கினார்.

குழாயைச் சுருட்டி வெச்சுட்டேன். தண்ணியைச் சுத்த விடற மோட்டார் ஓடிட்டிருக்கு. எனக்குச் சத்தம் கேக்கல, கண்ணாடியில கை வெச்சா அதிருது. ஞாயித்துக்கிழமை பஸ்ல வர்றேன். அவன் கேட்டா சொல்லு, கேக்காட்டியும் சொல்லு: தண்ணியை நிறுத்தல.

மாமா